மரத்தின் உற்பத்தியாளர் யார்?
நடுகை அட்டவணைகள் பற்றி ஒரு வாதம்

மூன்றாம் வருட மாணவன், கலைப்பீடம்

கட்டடங்களை வரைவதற்கு இன்று உலகின் பல பாகங்களிலும் பயன்படும் மென்பொருள்களுள் றெவிற் என்பது ஒன்று. அதில் ஒரு மரத்தை வைத்து, அதன் பண்புகளைக் காட்டும் பெட்டியைத் திறந்து பார்ப்பவர் அங்கே ஒரு வெற்றிடம் தம்மை எதிர்நோக்கி நிற்பதைக் காண்பார். 'உற்பத்தியாளர்' என்பது அவ்வெற்றிடத்தின் தலைப்பு. அதனோடு 'மாதிரி', 'விலை' என்பனவும் உள்ளன. கதவுக்கு உற்பத்தியாளர் உண்டு, மின்விளக்குக்கு உண்டு, கைகழுவும் தொட்டிக்கும் உண்டு. கதவுக்கும் தொட்டிக்கும் ஆக்கப்பட்ட அதே படிவமே மரத்துக்கும் நீட்டப்படுகிறது. வேம்பின் உற்பத்தியாளர் யார்? வரைபவர் ஒருவரும் இதற்கு விடை எழுதுவதில்லை. வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டுவிட்டு அடுத்த வேலைக்குச் செல்கின்றனர்.

இதனைக் கேட்டு நாம் சிரித்துவிடலாம். ஆயின் சிரிப்போடு விடயம் முடிந்துவிடுவதில்லை. ஒரு படிவம் எதைக் கேட்கிறதோ அது எழுதப்படுகிறது. எதைக் கேட்கவில்லையோ அது மறக்கப்படுகிறது. கட்டட வரைபடத்தோடு இணைக்கப்படும் நடுகை அட்டவணை, எந்த மரம் நடப்பட வேண்டும், எத்தனை நடப்பட வேண்டும், எந்த மரம் கணக்கிலேயே வராமல் அழிய வேண்டும் என்பவற்றைத் தீர்மானிக்கும் ஆவணமாகும். அத்தகைய ஆவணத்தின் நிரல்களைத் தெரிவுசெய்வது வெறும் எழுதுவினைஞர் வேலையன்று. அது விழுமியங்களைத் தெரிவுசெய்வது. ஆகவே அது தொழில்நுட்பவியலாளர்க்கு மட்டும் உரிய விடயமன்று, மொழியையும் வரலாற்றையும் புவியியலையும் கற்கும் எமக்கும் உரியது என்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

அட்டவணை செய்யும் வேலை

முதலில், இவ்வட்டவணை எவ்வாறு உருவாகிறது என்பதை நோக்குவோம். பழைய முறையில் வரைஞர் தாளில் வட்டங்களை இட்டு, பின்னர் அவற்றைக் கையால் எண்ணி, ஒரு மூலையில் பட்டியலாக எழுதினார். ஒரு வட்டத்தை அழித்தால் பட்டியலையும் திருத்த வேண்டும். திருத்த மறந்தால் வரைபடம் ஒன்று கூறும், பட்டியல் இன்னொன்று கூறும். 2000ஆம் ஆண்டில் வெளிவந்து, 2002இல் ஓட்டோடெஸ்க் நிறுவனத்தின் உடைமையான றெவிற் போன்ற மென்பொருள்களில் இத்தொல்லை இல்லை. வரையப்படுவது கோடன்று, ஒவ்வொரு மரமும் தகவல்களைத் தாங்கிய ஒரு பொருள். அட்டவணை அப்பொருள்களைத் தானே எண்ணுகிறது. வரைபடத்தில் ஒரு மரத்தை நீக்கினால் அட்டவணையில் ஒன்று குறைகிறது. அட்டவணையில் ஒரு பெயரை மாற்றினால் வரைபடத்திலும் அது மாறுகிறது.

நிலத்தை மூடிப் படரும் சிறு செடிகளை ஒவ்வொன்றாக வைப்பது இயலாது. ஆகவே அவற்றுக்குரிய பரப்பு மட்டும் வரையப்படுகிறது. எண்ணிக்கை ஒரு சூத்திரத்தால் பெறப்படுகிறது. 30 சென்ரிமீற்றர் இடைவெளியில் சதுர முறையில் நட்டால் 100 சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 1111 செடிகள் தேவை. முக்கோண முறையில் நட்டால் ஏறத்தாழ 1283 தேவை. ஒரே இடைவெளி, ஒரே நிலம், எனினும் நூற்றெழுபதுக்கு மேற்பட்ட செடிகள் வேறுபடுகின்றன. சூத்திரத்தை ஒருமுறை சரியாக எழுதிவிட்டால் எந்திரம் இதிற் பிழைவிடுவதில்லை. இது மெய்யான நன்மை. இதனை மறுப்பவர் கையால் எண்ணிக் களைத்த வரைஞரின் உழைப்பை அறியாதவர்.

ஆயின் இவ்வட்டவணைக்கு ஓர் இயல்பு உண்டு. அது உலகை எண்ணுவதில்லை. தன்னிடம் வைக்கப்பட்டவற்றை மட்டுமே எண்ணுகிறது. காணியில் நிற்கும் மரம், யாரேனும் ஒருவர் அதனைக் கணினியில் வைக்கும்வரை, அட்டவணையைப் பொறுத்தமட்டில் பிறக்கவில்லை. இவ்வுண்மையை நான் நூலிலிருந்து கற்கவில்லை.

நான் தட்டச்சுச் செய்த அட்டவணை

பல்கலைக்கழக விடுமுறையொன்றின்போது, எனது மைத்துனர் வரைஞராகப் பணிபுரியும் அலுவலகத்தில் சில வாரங்கள் உதவியாளனாக இருந்தேன். கணினியில் ஓரளவு பயிற்சி உள்ளவன் என்பதால், வன்னியிலுள்ள எமது ஊரில் எழவிருந்த ஒரு பொதுக் கட்டடத்தின் நடுகை அட்டவணையை நிரப்பும் பணி எனக்குத் தரப்பட்டது. நில அளவையாளரின் படத்தில் காணியின் வடக்கு எல்லையை அண்டி மூன்று வட்டங்கள் இருந்தன. அவற்றின் அருகே பெயர் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. அவை எவை என்பதை நான் அறிவேன். இரண்டு பாலை, ஒன்று நாவல். சிறுவயதில் பாலைப்பழத்தின் பால் உதட்டில் ஒட்ட அம்மரங்களின் கீழே நின்றவன் நான். எனினும் அவற்றைக் கணினியில் வைக்குமாறு என்னிடம் ஒருவரும் கூறவில்லை, நானும் வைக்கவில்லை. எனக்குத் தரப்பட்ட பட்டியலில் புதிதாக நடவேண்டிய அழகுச் செடிகளும் புல்லும் வேலியோரப் பனைவகைகளும் இருந்தன. அவற்றை நிரப்பினேன். எண்ணிக்கைகள் யாவும் சரியாக இருந்தன. அட்டவணை அழகாகவும் இருந்தது.

கட்டட வேலை தொடங்கிய பின்னர் ஒருநாள், வரைபடங்கள் ஒட்டப்பட்டிருந்த பலகையின் முன் நின்ற ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னை அழைத்து, "தம்பி, இந்தத் தாளில எங்கட பாலை எங்க இருக்கு?" எனக் கேட்டார். "இதில இல்லை, ஐயா" என்றேன். அவர் சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அது இல்லைத்தானே" என்று கூறிச் சென்றார்.

அவர் கூறியது சரியாகவே முடிந்தது. அனுமதிகள் யாவும் முறைப்படி பெறப்பட்டன என்றே கூறப்பட்டது. எவரும் விதியை மீறியதாக நான் அறியேன். மூன்று மரங்களும் வெட்டப்பட்டன. வாகனத் தரிப்பிடத்தைச் சில மீற்றர்கள் தெற்கே நகர்த்தியிருந்தால் அவை நின்றிருக்கும். ஆயின் நகர்த்துவது பற்றி எவரும் விவாதிக்கவில்லை. இருக்கும் மரத்தை வெட்டுவதற்கு ஒரு காரணம் கூறவேண்டும். தாளில் இல்லாத மரத்தை வெட்டுவதற்குக் காரணம் எதற்கு? அடுத்த கோடையில் புதிய புற்றரையும் காய்ந்தது. சோளகக் காற்றில் அழகுச் செடிகள் கருகின. பழைய நிழலும் போயிற்று, புதிய பசுமையும் வரவில்லை.

இங்கு நான் எந்த அலுவலகத்தையும் குற்றக் கூண்டில் ஏற்ற விரும்பவில்லை. ஏற்றுவதாயின் முதலில் ஏறவேண்டியவன் நானே. அறிந்திருந்தும் எழுதாதவன் நான். எனது படிப்பு எனக்குத் தந்த அறிவை, அந்த அட்டவணையில் அதற்கு இடமில்லை என்ற காரணத்தால், வெளியே விட்டுவிட்டு உள்ளே சென்றேன்.

குற்றம் எந்திரத்தினதா?

இவ்விடத்திற் பலர் எந்திரத்தைச் சபிக்கத் தொடங்குவர். அது இலகுவானது, ஆனாற் பிழையானது. அந்நிய மென்பொருள் நமது மண்ணை அறியாது எனக் கூறி ஒதுங்குவது, உண்மையான பொறுப்பாளிகளைத் தப்பவிடுவதாகும்.

றெவிற்றில் ஒவ்வொரு பொருளும் எந்தக் கட்டத்தில் உருவானது, எந்தக் கட்டத்தில் அகற்றப்படுகிறது என்பவற்றைக் குறிக்கும் வசதி உண்டு. நிற்கும் மரங்களை 'ஏலவே உள்ளவை' என்ற கட்டத்தில் வைக்கலாம். அவ்வாறு வைத்தபின் ஒரு மரத்தை வெட்டுவதாயின் வரைபவர் அதனை 'அகற்றப்படுவது' எனத் தம் கையாற் குறிக்கவேண்டும். அங்ஙனம் குறிக்கப்பட்டவற்றை மட்டும் தனி அட்டவணையாகவும் பெறலாம். வெட்டப்படும் மரங்களின் பட்டியலைத் தருமாறு கேட்டால் சில நிமிடங்களில் எந்திரம் தரும். கேட்பவர்தான் இல்லை.

அவ்வாறே, புதிய நிரல்களைச் சேர்க்கவும் தடையில்லை. எழுத்து, எண், ஆம்/இல்லை என எவ்வகைத் தகவலுக்கும் ஒரு பண்பை உருவாக்கி, அதனைப் பொதுக் கோப்பொன்றில் வைத்து, அட்டவணையிலும் வரைபடத்தில் மரத்தின் அருகேயுள்ள குறிப்பிலும் தோன்றச் செய்யலாம். அலுவலகமொன்று ஒருமுறை இதனைச் செய்துவிட்டால் அடுத்த வேலைகள் அனைத்திலும் அந்நிரல்கள் தாமே வந்து நிற்கும். ஆக, உற்பத்தியாளரைக் கேட்கும் வெற்றிடம் மென்பொருளோடு வந்தது. நிழலைக் கேட்கும் வெற்றிடம் இல்லாதது எமது செயல். வந்ததை அப்படியே ஏற்றுக்கொண்டு, வேண்டியதைச் சேர்க்காது விட்டவர்கள் நாமே.

'பொதுப் பெயர்' யாருக்குப் பொது?

நிலத்தோற்ற அமைப்புக்கென்றே ஆக்கப்பட்ட வெக்ரர்வேர்க்ஸ் லாண்ட்மார்க் போன்ற மென்பொருள்களில், தாவரத்துக்கென விஞ்ஞானப் பெயர், பொதுப் பெயர், உயரம், படர்ச்சி முதலிய நிரல்கள் முன்கூட்டியே அமைக்கப்பட்டுள்ளன. இது ஒரு முன்னேற்றம். எனினும் 'பொதுப் பெயர்' என்ற அந்த ஒருமையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். பொதுப் பெயர் யாருக்குப் பொது? எம் நாட்டில் அந்த நிரலில் வழக்கமாக எழுதப்படுவது ஆங்கிலப் பெயர். அட்டவணையைக் கையிற்கொண்டு குழி தோண்டுபவர் சிங்களமோ தமிழோ பேசுபவர். நடுபவருக்கு விளங்காத பெயரைப் பொதுப் பெயர் என்று அழைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

இவ்வகையில் நாம் முன்னே சென்றிருக்கிறோமா, பின்னே சென்றிருக்கிறோமா என்பதை வரலாற்றிடம் கேட்போம். லின்னேயஸ் இலங்கையைக் கண்டவரல்லர். பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் காலத்தில் போல் ஹெர்மன் இங்கு சேகரித்த தாவரங்களை ஆராய்ந்தே, 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தமது நூலை அவர் வெளியிட்டார். பேராதனைத் தாவரவியற் பூங்காவைத் தொடக்கிய அலெக்சாந்தர் மூன் 1824இல் வெளியிட்ட தாவரப் பட்டியலில் விஞ்ஞானப் பெயர்களோடு சிங்களப் பெயர்களும் இடம்பெற்றன. 1893 முதல் 1900 வரை வெளிவந்து, ஹென்றி திறைமன் மறைந்த பின்னர் ஜோசப் ஹூக்கரால் நிறைவுசெய்யப்பட்ட இலங்கைத் தாவரக் கைநூல், அறியக்கூடிய இடங்களிலெல்லாம் சிங்களப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் தந்தது. இவர்கள் எம்மீது கொண்ட அன்பினால் இதனைச் செய்தார்கள் எனக் கொள்ளவேண்டியதில்லை. நாட்டின் வளத்தை அறிந்து பயன்கொள்ள விரும்பிய ஏகாதிபத்தியத்தின் அறிவுத் தேவையும் அதிற் கலந்திருந்தது. ஆயினும் மரத்தை அறிய அதனோடு வாழ்பவனிடம் பெயர் கேட்க வேண்டும் என்ற அளவுக்கேனும் அவர்கள் அறிந்திருந்தார்கள். காலனித்துவ ஆட்சியின் தாவரவியலாளர் தமிழுக்கென ஒதுக்கிய இடத்தை, சுதந்திர நாட்டின் கட்டட வரைபடம் ஒதுக்கவில்லை என்பது நாம் நாணத்தக்க உண்மையாகும்.

இதனால் விஞ்ஞானப் பெயரை அகற்றிவிட்டுத் தமிழ்ப் பெயரை மட்டும் எழுதவேண்டும் எனக் கூறுவோர்க்கு நான் உடன்பாடில்லை. அது மொழிப்பற்றுப் போலத் தோன்றினும் அறியாமையே. 'பாலை' என்று நாம் வன்னியிற் கூறுவது மணில்கரா ஹெக்சாந்திரா என்னும் மரத்தை. தமிழகத்திலோ ஏழிலைப்பாலை, வெப்பாலை எனப் பாலைப் பெயர் தாங்கியவை வேறு மரங்கள். 'முதிரை' என நாம் அழைக்கும் மரத்துக்கு அங்கு வேறு பெயர் வழங்குகிறது. 'ஆகாயத்தாமரை' என்ற ஒரே பெயர் நீரில் மிதக்கும் இருவேறு தாவரங்களுக்கு வழங்குகிறது. அவற்றுள் ஒன்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காக இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, நீர்நிலைகளில் பரவி, 1909ஆம் ஆண்டிலேயே அதற்கெதிராகச் சட்டமியற்றும் நிலையை உருவாக்கியது. பெயர் மயங்கினால் விளைவும் மயங்கும். ஆகவே விஞ்ஞானப் பெயர் வேண்டும். நாற்றுமேடைக்காரர் பிழையான செடியைத் தராமலிருப்பதற்கு அது வேண்டும். ஊரவர் தம் மரத்தைத் தாளில் அடையாளம் காண்பதற்குத் தமிழ்ப் பெயரும் சிங்களப் பெயரும் வேண்டும். எமது கோரிக்கை ஒன்றை நீக்கிவிட்டு மற்றொன்றை வைப்பதன்று. மூன்றையும் ஒரே நிரையில் வைப்பதாகும்.

பொழுது இல்லாத நிலம்

அட்டவணையின் அடுத்த குறை காலம் பற்றியது. வழக்கமான நடுகை அட்டவணையில் நடும் நாளில் உள்ள உயரமும் சாடியின் அளவும் எழுதப்படும். அதாவது மரத்தின் வாழ்நாளில் ஒரே ஒரு நாளின் அளவு பதிவாகிறது. அதுவும் விலை கொடுக்கும் நாள்.

நமக்கு அண்மையிலுள்ள பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பெரும் புற்றரைக்குச் சென்றவர்கள் அங்கே குடைபோல் விரிந்து நிற்கும் சாவா அத்தி மரத்தைக் கண்டிருப்பர். அதன் நிழலில் ஒரு வகுப்பு முழுவதும் அமரலாம். அம்மரத்தின் விஞ்ஞானப் பெயர் பைக்கஸ் பெஞ்சமினா. கட்டடங்களின் வாயிலில், கூடத்தின் மூலையில், இடுப்பளவு சாடியில் வைப்பதற்கு அட்டவணைகளில் எழுதப்படும் பைக்கஸ் பெஞ்சமினாவும் அதே இனந்தான். சாடியில் இருக்கும்வரை அது பணிவுள்ள செடி. அத்திவாரத்தின் அருகே மண்ணில் நட்டால் அதன் வேர் எதைத் தேடிச் செல்லும் என்பதை அட்டவணையின் 'உயரம்: 1 மீற்றர்' என்னும் குறிப்பு கூறுமா?

றெவிற்றோடு வரும் மரவடிவங்களில் ஒரு வகையின் உயரத்தை மாற்றினால் அவ்வகையைச் சேர்ந்த மரங்கள் அனைத்தும் ஒரே கணத்தில் ஒரே உயரம் பெறுகின்றன. அங்கே 'குடும்பம்' என்ற சொல்லும் வழங்குகிறது. தாவரவியலிற் குடும்பம் என்பது உறவு. வேம்பும் மலைவேம்பும் ஒரு குடும்பம். மென்பொருளிற் குடும்பம் என்பது ஒரு கோப்பு. அக்கோப்பில் சிவப்பு மேப்பிளும் ஸ்கார்லற் ஓக்கும் முன்கூட்டியே உள்ளன. அவசரத்தில் உள்ள வரைஞர் மேப்பிளின் உருவத்தை எடுத்து வைத்து, அதன்மேல் 'வேம்பு' என எழுதிவிடுகிறார். கட்டடத்துக்குப் பணம் கொடுப்பவர் அழகிய படத்திற் காணும் நிழல், எம் மண்ணில் என்றும் விழாத நிழல்.

தமிழிலக்கியம் பயில்வோர்க்கு இங்கே ஒன்று நினைவுக்கு வரவேண்டும். தொல்காப்பியம் முதற்பொருள் எனக் கூறுவது நிலத்தை மட்டுமன்று. நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறது. மரமும் பூவும் விலங்கும் தொழிலும் அவ்விரண்டின்மீது நிற்கும் கருப்பொருள்கள். தொல்காப்பியர் கணினி அறிந்திருந்தார் என்று பெருமை பேசுவதற்காக நான் இதனைக் கூறவில்லை. அத்தகைய பெருமைகளால் எமக்கு விளைந்தது நகைப்பே. பொழுதின்றி நிலத்தை விளங்கிக்கொள்ள முடியாது என்ற எண்ணம் நாம் பரீட்சைக்காக மனனம் செய்யும் பாடமாக இருக்கிறது. நாம் நிரப்பும் அட்டவணையில் அது இல்லை என்பதையே சுட்டுகிறேன்.

இந்நாட்டின் வரண்ட வலயத்தில் பொழுது என்பது கற்பனைப் பொருளன்று. ஆண்டுக்கு 1750 மில்லிமீற்றருக்குக் குறைவான மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி, தை வரை. எஞ்சிய மாதங்களில் நடப்பட்ட செடிக்கு யார் நீர் ஊற்றுவார்? எந்தக் கிணற்றிலிருந்து ஊற்றுவார்? அட்டவணை கேட்பதில்லை, ஆகவே எவரும் விடை கூறுவதில்லை. விடை கூறாத வினாவின் சுமை, கட்டடத்தைத் துப்புரவு செய்யும் பெண்ணின் தலையில் வாளியாக ஏறுகிறது.

காலத்தை எண்ணாது நட்டதன் விளைவு இன்னும் பெரிதாகவும் இருக்கலாம். உப்பு மண்ணைத் திருத்தவும் விறகுக்காகவும் 1950களில் அம்பாந்தோட்டைப் பகுதியில் சீமைக்கருவேல் கொண்டுவரப்பட்டது. நட்டவர்கள் தீயவர்களல்லர், அன்றைய தேவைக்கு விடை தேடியவர்கள். இன்று அது, 1990இல் றம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பூந்தலப் பகுதியில் பரவி, அங்குள்ள சுதேசச் செடிகளையும் மேய்ச்சல் நிலத்தையும் நெருக்குகிறது. 'இது பரவுமா?' என்ற ஒரு நிரல் எத்துணை மலிவானது என்பதை இத்தகைய வரலாறுகள் காட்டுகின்றன.

மூன்று மறுப்புகள்

எனது கருத்துக்கு எதிராக மூன்று மறுப்புகளை நான் ஏலவே கேட்டிருக்கிறேன்.

முதலாவது, தொழில் புரிவோரின் மறுப்பு: "இதற்கெல்லாம் நேரமில்லை. கட்டுவிப்பவர் கேட்பதுமில்லை." நேரம் மீதப்படுகிறது என்பதற்காகவே மென்பொருள் வாங்கப்பட்டது. எண்ணுவதில் மீதமான நேரம் எங்கே போயிற்று? கையால் வரைந்த காலத்தில், 1960களில், ஜெப்றி பாவாவின் அலுவலகத்தில் லக்கி சேனநாயக்க, இஸ்மத் றஹீம் போன்றோர் காணியில் ஏலவே நின்ற மரங்களைக் கிளையும் இலையுமாக வரைந்தனர். மரத்துக்காகச் சுவர் வளைந்த வரைபடங்கள் இந்நாட்டிலேயே உருவாகின. அவர்களிடம் எமக்கிருப்பதைவிட நேரம் அதிகம் இருக்கவில்லை. மரம் கட்டடத்தின் ஒரு பகுதி என்ற எண்ணம் இருந்தது. கட்டுவிப்பவர் கேட்பதில்லை என்பதும் நியாயமாகாது. கேட்கப்படாத உண்மையைக் கூறுவதற்கே கற்றவர்கள் தேவைப்படுகிறார்கள்.

இரண்டாவது, மரபை விரும்புவோரின் மறுப்பு: "எங்கள் முன்னோர் அட்டவணை எழுதியா மரம் வைத்தார்கள்?" முன்னோர் பட்டியலிடத் தயங்கியவர்களல்லர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களை வரிசையாகப் பெயர் கூறி வைத்தார். பட்டியல் அந்நியமானதன்று, அன்பும் பட்டியலிடும், வியாபாரமும் பட்டியலிடும். எந்த நோக்கோடு பட்டியலிடப்படுகிறது என்பதே வினா. மேலும், முன்னோர் தம் மரத்தைத் தாமே அறிந்திருந்தனர். இன்று வரைபவர் கொழும்பில் இருக்கிறார், மரம் முல்லைத்தீவில் நிற்கிறது. இடையே பயணம் செய்வது அட்டவணை மட்டுமே. ஆகவே அட்டவணையை வெறுப்பவர் மரத்துக்கு உதவுபவராகார்.

மூன்றாவது, எமது பீடத்திலேயே எழும் மறுப்பு: "இது எமக்குரியதன்று. நாம் கலைப்பீடத்தார்." இம்மறுப்பே என்னை மிக வருத்துகிறது. மரப்பெயர்களைச் சேகரித்தவர், ஊர்ப்பெயர்களில் மரங்களைக் கண்டவர், மழைவீழ்ச்சிப் படங்களை வரைந்தவர், நீர் சுமக்கும் பெண்களின் உழைப்பை ஆய்ந்தவர் எல்லாம் எமது பீடத்தில் இருக்கின்றனர். எமது ஆய்வேடுகள் நூலகத்தில் தூசு படிந்து கிடக்கின்றன. அவற்றிலுள்ள அறிவு பாலை மரத்தின் அருகே எழுதப்படும் ஒரு குறிப்பாக மாறாதவரை, அது யாரைக் காப்பாற்றியது? இலுப்பையும் வாகையும் பூவரசும் ஊர்களின் பெயர்களிலும் குறிச்சிகளின் பெயர்களிலும் வாழ்கின்றன. மரம் போய்ப் பெயர் மட்டும் நின்றால், அப்பெயரை ஆராய்ந்து பட்டம் பெறுவதுதான் எமது பணியா?

செய்யக்கூடியவை

வாதம் செய்பவர் வழியும் கூறவேண்டும். நான்கு நிரல்களை நான் முன்வைக்கிறேன். முதலாவது, விஞ்ஞானப் பெயரோடு தமிழ்ப் பெயரும் சிங்களப் பெயரும். இரண்டாவது, முழு வளர்ச்சியில் உயரமும் படர்ச்சியும். மூன்றாவது, நடப்பட்ட பின் வரும் கோடையில் நீர் எங்கிருந்து, யார் பொறுப்பில் வரும் என்பது. நான்காவது, பரவும் இயல்பு உண்டா இல்லையா என்பது. இந்நிரல்களுக்கும் முன்னே, புதியவற்றின் அட்டவணைக்கு முதற்பக்கத்தில், காணியில் ஏலவே நிற்கும் மரங்களின் அட்டவணை இருக்கவேண்டும். வெட்டப்படும் ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம் எழுதப்படவேண்டும். காரணம் எழுத வேண்டிய நிலை வந்தாற் பல மரங்கள் தப்பும் என்பது எனது நம்பிக்கை. எழுதக் கூசும் காரணங்களே பெரும்பாலும் மரங்களை வெட்டுகின்றன.

இவற்றுள் எதுவும் புதிய மென்பொருளையோ பெரும் நிதியையோ வேண்டுவதன்று. இத்துறையைக் கற்பிக்கும் மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்களோடு எமது மாணவர்கள் ஒரு மேசையில் அமர்ந்தாலே போதும். அவர்களிடம் நிரலை உருவாக்கும் திறன் உண்டு; எம்மிடம் நிரலில் எழுதவேண்டிய சொல் உண்டு. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஐம்பது மரங்களின் மும்மொழிப் பட்டியலை, வளர்ந்த அளவுகளோடு, பிழையின்றித் தொகுத்துத் தருவது தமிழ்ச் சங்கம் ஒரு வருடத்தில் செய்யக்கூடிய பணி. கவியரங்கில் மரத்தைப் பாடுவதற்கு நாம் எடுக்கும் முயற்சியில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

எனது ஊரில் அம்மூன்று மரங்களும் நின்ற இடத்தில் இப்போது வாகனங்கள் வெயிலில் நிற்கின்றன. அன்று தயாரிக்கப்பட்ட அட்டவணையின் பிரதி ஒன்று இன்னும் என்னிடம் உண்டு. அதில் எண்ணுக்கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அண்மையில் அதனை மீண்டும் திறந்து, ஒரு புதிய நிரையைச் சேர்த்தேன்: பாலை, 2, நாவல், 1, வடக்கு எல்லை, ஏலவே உள்ளவை, அகற்றப்பட்டன. காரணம் எழுதும் நிரலில் நெடுநேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. ஈற்றில் எழுதினேன்: 'அட்டவணையில் சேர்க்கப்படவில்லை.'

அடுத்த அட்டவணையை நிரப்பப்போகும் தோழனே, தோழியே, நீங்கள் எந்தப் பீடத்தைச் சேர்ந்தவராயினும், முதலிற் காணிக்குச் சென்று அங்கே நிற்பவற்றின் பெயரைக் கேட்டு எழுதுங்கள்.